சித்தியின் குரலுக்கு டப்பிங் இல்லை

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதாநாயகியான என் சித்திக்கு,

நம் படம் தேர்வாகிவிட்டது! பெரிய விழா, சித்தி. பேரைச் சொன்னாலே சினிமாக்காரர்கள் நிமிர்ந்து உட்காருகிற வெளிநாட்டு விழா. போன் வந்தபோது நான் போர்ட் பிளேரில், மின்னி பே கடலோர ரோட்டில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதேன்.

உனக்குச் சிரிப்பாக இருக்கும். படமெடுக்க அந்தமான் லாங் ஐலண்டுக்குப் போனபோது நீ கூட வந்ததே எங்கள் கூட்டத்துக்குச் சோறு பொங்கிப்போட. மகள் கல்யாணத்துக்காக மெயின்லாண்ட் போகக் கப்பல் கிடைக்காமல் தவிக்கிற அம்மாவாக நடிக்க வேண்டியவர், சென்னையிலிருந்து போர்ட் பிளேர் வரைக்கும் வந்து மாட்டிக்கொண்டார். கப்பல் கேன்சலாகிற கதையைப் படமெடுக்கப் போன எங்களுக்கே கப்பல் கேன்சல்! நீ மீனைக் கழுவிக்கொண்டே, "அரே, அந்தம்மா வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்டா. சலோ, கேமராவை வை" என்றாய்.

நின்றாய். டிக்கெட் கவுன்டர் பாபுவாக நடித்தது நம் பக்கத்து வீட்டுத் தபஸ். "மௌசம் கராப் ஹை, ஷிப் கேன்சல்" என்று அவன் வானிலையைக் காட்டிக் கைவிரித்ததும் நீ அழ வேண்டும் என்றுதான் எழுதியிருந்தேன். நீயா அழுவாய்? "அரே பாபு, மௌசம் கராப்னு நீ ஜாலியா சொல்லிட்டு உக்காந்திருக்கே. என் பொண்ணு கல்யாணம்யா! மாப்பிள்ளை வீட்டுக்கு யாரு ஜவாப் சொல்றது, நீயா?" என்று கத்தினாய். தபஸ் நிஜமாகவே பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டான். எனக்குக் கட் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் அந்த நடிகைக்குப் போன் செய்து, இனி வர வேண்டாம் என்று மன்னிப்புக் கேட்டேன்.

டப்பிங் வேலைக்கு முன்னாலேயே நெஞ்சுவலி என்று நீ போய்விட்டாய். அப்படி என்ன அவசரம் உனக்கு?

சென்னையில் படத்தை வாங்க வந்தவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நல்லா பண்ணியிருக்காங்க தம்பி. ஆனா பேசுறது தமிழா இந்தியான்னே தெரியல. காத்து இரைச்சல் வேற. வேற குரல் வெச்சுக் குடுங்க, உடனே ரிலீஸ் பண்ணிடலாம்" என்றார். தடுமாறிப்போனேன், சித்தி. கூட உழைத்த பசங்கள் படம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்தபடி, "மூஞ்சி உன் சித்தியோடது, குரல் எவளோடதோன்னா, அது யாருடா? எனக்குத் தெரியாத பொம்பளை" என்றார். அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

முடியாது என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு யாரும் படத்தைச் சீண்டவில்லை. சொந்தக்காரர்கள் தலைக்கனம் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று, லாங் ஐலண்டு காற்றோடும் உன் இந்தியோடும் படத்தை அப்படியே விழாவுக்கு அனுப்பினேன். போனில் பேசிய பெண்மணி என்ன சொன்னார் தெரியுமா? தேர்வுக்குழுவில் ஒருவருக்கும் தமிழும் தெரியாதாம், இந்தியும் தெரியாதாம். அந்தக் கவுன்டர் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்களாம், உன் குரலுக்காக. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சித்தி! எங்கள் பத்துபஸ்தி ஏரியா சித்தி!

நேற்று சித்தப்பா முதல் தடவையாகப் படம் பார்க்க உட்கார்ந்தார். நீ போனபிறகு அந்தப் பேச்சையே எடுக்க விடாதவர். பக்கத்து வீட்டு வங்காளிகள், எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்கள் எல்லாரும் நம் வீட்டில்தான். நீ கத்துகிற இடம் வந்தது. காலமெல்லாம் "மெதுவா பேசுடி, ரோடு வரைக்கும் கேக்குது" என்று உன்னை அடக்கிக்கொண்டே இருந்த மனிதர், கண்ணைக்கூடத் துடைக்காமல் என் பக்கம் திரும்பினார். "வால்யூமை ஏத்துடா. ரோடு வரைக்கும் கேக்கட்டும்" என்றார்.

விழாவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், சித்தி. இந்தப் படம் எந்த ஊருக்குப் போனாலும், கீழே எந்தப் பாஷையில் எழுத்து ஓடினாலும், பேசப்போவது நீதான்.

உன் வாய்க்காக இனி யாரிடமும் மன்னிப்புக் கேட்காத,
உன் அக்கா மகன்,
குமரன்