நான்கு நிலம், ஒரு பூனை

ரெட் வில்லோ, டகோட்டா
ஆகஸ்ட் 9, 1886

அன்புள்ள லவீனியாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் வெறுத்துக் கிடக்கிறது. பதவி உயர்வுச் செய்தி எனக்கு முன்பே உனக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. உன் அப்பா ஊரைக் கூட்டி விருந்து வைக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று சொல். ஏன் என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் கொடு. சாப்பிட உட்காருவதற்கு முன்பே படித்துவிடட்டும்.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். சர்க்கார் இலவசமாகக் கொடுக்கும் நிலத்தில் வீடு கட்டி, ஐந்து வருஷம் குடியிருந்து உழுதவனுக்கே அது சொந்தம். மெய்யாகவே குடியிருந்தானா என்று பார்ப்பவன் நான். இங்கே பட்டா கேட்டவர்கள் ஐந்து பேர். அதில் நான்கு பேர் ஹாக்கின்ஸ் மாட்டுக் கம்பெனியின் கூலிக்காரர்கள்.

முதலில் காரெட் என்பவனின் இடத்துக்குப் போனேன். ஒரு பலகை வீடு, அடுப்பு, கட்டில். ஜன்னலில் காது கிழிந்த மஞ்சள் பூனை ஒன்று. அவித்த பீன்ஸை என் தட்டில் கொட்டிக்கொண்டே, "அஞ்சு வருசமா இங்கதான் சார் கெடக்கேன். நம்பலன்னா இந்த மாலியக் கேளுங்க" என்று பூனையைக் காட்டினான். மறுநாள் இரண்டாவது ஆளின் நிலம். அதே மாதிரி வீடு. இங்கெல்லாம் எல்லா வீடும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் ஜன்னலில் அதே கிழிந்த காது. பூனையின் பெயர் என்னவென்று கேட்டேன். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல முழித்துவிட்டு, "ஜார்ஜுங்க" என்றான். மூன்றாவது நிலத்துக்குப் போனபோது ஜார்ஜ் குட்டி போட்டிருந்தது.

நான்காவது இடத்தில் குனிந்து வைக்கோலை விலக்கினேன். வீட்டுக்கு அடியில் சறுக்குக் கட்டைகள். நான் தூங்கும் நேரத்தில் மாடுகளைப் பூட்டி, வீட்டை அடுத்த நிலத்துக்கு இழுத்துவந்திருக்கிறார்கள். உள்ளே படுத்திருந்த பூனையை இறக்கிவிட ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. அன்று நான் சிரித்தேன், லவீனியா. அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

ஐந்தாவது நிலம் ஸிக்ரித் என்ற நார்வேக்காரியுடையது. புருஷன் இல்லை, ஆறு வயது மகள் மட்டும். புல்மண்ணை வெட்டி அடுக்கிய வீடு. கோதுமைக் கதிர் இடுப்பளவு நின்றது. சுற்று வட்டாரத்தில் வற்றாத ஓடை அவள் நிலத்தில் மட்டுமே ஓடுகிறது. கம்பெனிக்கு வேண்டியது அந்தத் தண்ணீர். மற்ற நான்கும் அதைச் சுற்றி வளைக்கும் வேலிதான்.

எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவளிடமும் கேட்டேன். எப்போதாவது ஆறு மாதத்துக்கு மேல் இந்த வீட்டை விட்டுப் போனாயா? போயிருந்தால் நிலம் ரத்து என்பது சட்டம். நான்கு பேரும் பைபிள்மேல் கை வைத்து "இல்லை" என்று சொன்ன கேள்வி அது. அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "போன பனிக்காலம் போயிட்டேன் ஐயா. பாப்பாவுக்கு மூச்சு இழுப்பு. டாக்டர் பக்கத்துலயே இருக்கணும்னு டவுன்ல துணி தொவச்சிக்கிட்டு இருந்தேன். திரும்பறப்போ ஏழு மாசம் ஆயிடுச்சு" என்றாள். கேட்காத ஒரு மாதத்தையும் அவளே சேர்த்துச் சொன்னாள். நானும் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். நல்ல மனசுள்ள எவனும் மன்னித்துவிடுவான் என்று நம்பினேன்.

இங்குள்ள பதிவாளர் என் அறிக்கையைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "நாலு பேரும் ஒருத்தனுக்கொருத்தன் சத்தியம் பண்ணிருக்கான். நீங்க யாரக் கூட்டியாரப் போறீங்க, பூனையையா?" என்றார். சறுக்குக் கட்டைகளைச் சொன்னேன். போய்ப் பார்த்தால் இல்லை, விறகாகி எரிந்துவிட்டன. வேலியே பயிரை மேய்கிறது, யாரிடம் போய்ச் சொல்ல? தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் வந்தது. நான்கு பேருக்கும் பட்டா. ஸிக்ரித்தின் நிலம் மட்டும் ரத்து, அவள் வாக்குமூலமே அதற்குச் சாட்சி. ஒரு மோசடியைக் கண்டுபிடித்ததற்காக எனக்குப் பாராட்டும் பதவி உயர்வும். உன் அப்பா விருந்து வைப்பது இதற்குத்தான்.

அவளைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவையும் என் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள். அவள் அழவில்லை, திட்டவில்லை. "அறுப்பு முடியற வரைக்குமாவது விடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். விடவில்லை. கம்பெனி மாடுகள் இப்போது அந்தக் கோதுமைக்குள் நிற்கின்றன. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. இந்த உத்தியோகமும் அப்படித்தான். ராஜினாமாவை நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்காக நீ கோபப்படலாம். திட்டை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

எனக்கு இங்கே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அவள் சார்பில் மேல்முறையீடு போட வக்கீல் ஒருவர் சம்மதித்திருக்கிறார். உத்தியோகம் போனதால் நானே சாட்சி சொல்லலாம். ஜெயிக்குமா, தெரியாது. அதுவரை அவளுக்கும் குழந்தைக்கும் தங்க இடமில்லை. இருவரையும் ரயிலேற்றி நம் வீட்டுக்கு அனுப்பப்போகிறேன். வரும் வெள்ளிக்கிழமை நீயே ஸ்டேஷனுக்குப் போ. குழந்தையின் கூடையில் மஞ்சள் பூனை ஒன்று இருக்கும், அடையாளம் அதுதான். அந்தப் பலகை வீட்டில் ஆளே இல்லாததால், குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஸிக்ரித்தின் அடுப்படிக்கு வந்துவிட்டது.

பின்கட்டு அறையை ஒழித்துக் கொடு. வயிறாரச் சோறு போடு. கடவுள் உன்னையும் பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். ஒன்றே ஒன்று, லவீனியா. உன் அப்பாவும் ஊர்க்காரர்களும் வந்து விசாரிப்பார்கள். அவளிடம் யாரும் எதையும் கேட்காதபடி பார்த்துக்கொள். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

உன்,
எஸ்ரா