அடுப்போரம் காயும் பொம்மைகள்

இன்று காலை வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தபோது ஈரக் களிமண் வாடை வந்தது. பக்கத்து மனையில் வீடு கட்டக் குழி வெட்டுகிறார்கள், வேறொன்றுமில்லை. ஆனால் மார்கழிப் பனியில் அந்த வாடை புகையோடு கலந்துவிட்டால் எனக்கு நீ பின்வாசலில் நிற்கிறாய். "பனியில நிக்காத, உள்ள வா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நல்லவேளை, யார் காதிலும் விழவில்லை.

எண்பதுகளில் நாம் குடிவந்த அதே ஓட்டு வீடுதான். நீ ஒன்றாம் வகுப்பு டீச்சர். டிசம்பர் பிறந்தால் ஏரிக் களிமண்ணைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவாய். நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் மாதாவும் சூசையப்பரும் பாலனும் மட்டும் கடையில் வாங்கியவை. பாலனைப் பார்க்க வருகிறவர்கள் பிள்ளைகளின் இஷ்டம். காரிமங்கலம் சந்தையில் மிளகாய் விற்கிறவர் வந்தார், பஸ் கண்டக்டர் வந்தார், ஒரு வருடம் பன்றிகூட வந்தது.

பனியில் மண் காயாது. அத்தனையையும் கூடையில் கொண்டுவந்து அடுப்பைச் சுற்றி அடுக்கிவிடுவாய். தபால் ஆபீஸிலிருந்து வந்து நான் காப்பிக்குக் கை நீட்டினால், "ஏங்க, பாத்து. அங்க ஒரு ஆடு காயுது" என்பாய். இது யார் வீடு என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். புகை உன் நெஞ்சுக்கு ஆகாது. சொன்னால் கேட்கவா போகிறாய்? ஒரு கையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே மறு கையால் பொம்மைகளைத் திருப்பித் திருப்பி வைப்பாய்.

இன்னொரு வருடம் மல்லிகா என்ற பெண்பிள்ளை, இறந்துபோன தன் அம்மாவைச் செய்துவிட்டாள். கொட்டாங்குச்சிகளில் நாம் முளைக்க வைத்திருந்த கேழ்வரகுப் பயிருக்கு நடுவே, பாலனுக்குப் பக்கத்திலேயே அதை நிறுத்தினாய். மறுநாள் சாயங்காலம் அவள் அப்பா வந்தார். சண்டைக்கு வரவில்லை. பயந்துபோய் வந்திருந்தார்.

"செத்தவள உருவம் பண்ணி வெச்சா போவமாட்டா டீச்சர். கரைச்சுடுங்க" என்றார்.

மல்லிகா உன் சேலையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு வம்பு, எடுத்துவிடு என்று நான் உனக்குச் சாடை காட்டினேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"புள்ளைய பாக்க வந்தவங்கள வாசல்லயே நிறுத்தறதுங்களா? ஒரு தரம் நீங்க பாருங்கண்ணா. அப்பறமும் வேணாம்னா எடுத்துடறேன்."

அவர் குனிந்தார். நிமிர வெகுநேரமாயிற்று. பிறகு மண்ணில் முளைக்காமல் கிடந்த கேழ்வரகு இரண்டைப் பொறுக்கி, எச்சில் தொட்டு, பொம்மையின் மூக்கில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக அழுத்தினார். "ரெண்டு பக்கமும் மூக்கு குத்தியிருந்தா அவ" என்று மட்டும் சொல்லிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போனார். அன்று எனக்கு உன்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அடுத்த வருடம் ஐப்பசி மழையில் உனக்கு இருமல் முற்றியது. கார்த்திகையில் நீ இல்லை. அந்த டிசம்பரில் குடில் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்த உன் பிள்ளைகள் கூடையோடு வாசலில் வந்து நின்றார்கள். மல்லிகாதான் பொம்மையை எடுத்து நீட்டினாள்.

"டீச்சருங்க" என்றாள்.

சேலை சரியாக இருந்தது. கொண்டையும் சரி. ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது. பிள்ளைகள் உன்னை அப்படித்தானே பார்த்திருக்கிறார்கள். அந்தக் கையைக் கொஞ்சம் இறக்கிக் கொடு கண்ணு என்று சொல்ல நினைத்தேன், சொல்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"இன்னும் காயலைங்க சார். அடுப்போரம் வெய்யுங்க" என்றாள் அவள்.

மல்லிகாவின் அப்பா பயந்தது சரிதான். நீ போகவில்லை. இருமல் சத்தம் கேட்டுப் பின்வாசலுக்கு எழுந்து போவது எனக்குப் பழகிவிட்டது. அங்கே பனிதான் இருக்கும். அந்தப் பொம்மை மட்டும் இன்னும் உடையவில்லை. ஒவ்வொரு மார்கழியிலும் குடிலில் நிறுத்துமுன் அதை அடுப்போரம் வைக்கிறேன். அது காய்ந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் வைக்கிறேன், புகை படாதபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பி.