இரண்டு கதவுக்கு முன்னால் நிற்கும் குடைக்காரன்

என் செல்ல அளாப்பி, குகன் மச்சானுக்கு,

நீ போய் இன்றைக்கு இருபத்தாறு நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற உன் நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தில், வழமை போல மைத்துனர் புலம்பல் என்று ஒரு பக்கத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். உன் அம்மா, என் மாமி, நேற்று கரவெட்டியிலிருந்து உடுப்பிட்டி வரைக்கும் நடந்து வந்து கேட்டா. "சேகர், நீதானே அவனோடை ஒட்டிக்கொண்டு திரிஞ்சனி. நாலு விருத்தம் எழுதித் தா ராசா." மகனுக்குப் புலம்பல் வேண்டித் தாய் வெயிலில் நடந்து வந்து நிற்கிறா. நான் என்ன சொல்லட்டும்?

எனக்கு விருத்தம் வராது என்று உனக்குத் தெரியும். ரியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிறவனிடம் பாட்டுக் கேட்டால் எங்கே போவான்? அதனால் கடிதம் எழுதுகிறேன். அச்சகத்தில் பேப்பர் இல்லையாம்; கோடு போட்ட கொப்பித் தாளில்தான் உன் கல்வெட்டு அடிக்கப் போகிறார்கள். ஊரெல்லாம் வாசிக்கும். வாசிக்கட்டும். நானும் நீயும் ஏன் நாலு மாதம் முகம் பாராமல் இருந்தோம் என்று செத்தவீட்டிலேயே குசுகுசுத்தார்கள். காணிப் பிரச்சினையாம். இல்லை, ஒரு பெட்டை விஷயமாம். ஒரு ரீவி கேமுக்காக என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அவர்களுக்கு விளங்குவதற்காகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். நீ குறுக்கே விழாதே.

ஊரில் கரண்ட் இருந்த காலம். எங்களுக்குப் பதின்மூன்று, பதினாலு வயது. சவுதியில் வேலை செய்த உன் சித்தப்பா லீவில் வந்தபோது ஒரு ரீவி கேம் கொண்டுவந்தார். ஒரு சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு கைப்பிடி, இரண்டு கசெற். இரண்டும் ஒரே விளையாட்டின் முதலாம் பாகமும் இரண்டாம் பாகமும். எழுத்தெல்லாம் யப்பான் எழுத்து. பேரை வாசிக்கத் தெரியாததால் நாங்கள் அதைக் குடைக்காரன் என்றோம். ஒரு கட்டை மனிதன் குடையை விரித்துக்கொண்டு கூரைக்குக் கூரை பாய்வான். காகம் கொத்தினாலும் கீழே விழுந்தாலும் ஓர் உயிர் போகும். மொத்தம் மூன்று உயிர்.

முதலாம் பாகத்தைப் போல ஒரு விளையாட்டு உலகத்தில் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். பட்டனை அமத்தின அந்தக் கணமே அவன் எழும்புவான். எவ்வளவு நேரம் அமத்தினோமோ அவ்வளவு தூரம் போவான். விழுந்தால் பிழை எங்கள் விரலில்தான், வேறு ஒருவரையும் குறை சொல்ல முடியாது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. உனக்கோ முதல் நாளே வேறு யோசனை.

"ஏனடா இவன் பாயுறான்?"

"பாயத்தானே பட்டன் இருக்கு."

"அதில்லையடா. ஆரைத் தேடிப் போறான்?"

"ஒருத்தரையும் தேடேல்லை. அடுத்த கூரைக்குப் போறான், அவ்வளவுதான்."

அன்று பின்னேரம் முழுக்க நீ முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தாய்.

இரண்டாம் பாகத்தைச் செய்தவர்கள் உன்னைப் போல விசரர்களாக இருக்க வேண்டும். பத்துக் கூரை பாய்ந்தால் ஒரு வாசலில் ஒருவன் நிற்பான். பெட்டி பெட்டியாக எழுத்து வரும். பட்டனை அமத்தி அமத்தி அதைக் கடத்த வேண்டும். போதாக்குறைக்குப் பாய்ச்சலிலும் கை வைத்துவிட்டார்கள்; அமத்தினால் கொஞ்சம் யோசித்துத்தான் எழும்புவான். முதற் பாகம் நன்றாக ஓடினால், அடுத்த பாகத்துக்குக் கதையைக் கட்டி விளையாட்டைக் கெடுப்பார்கள் என்பது என் கட்சி. விளையாட்டு எப்படியும் போகட்டும், அவன் எங்கே போகிறான் என்று தெரிந்தால் போதும் என்பது உன் கட்சி.

உனக்கு அந்த எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் பெட்டி வந்தவுடன் கோயிலில் புராணம் படிக்கிறவர் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்குவாய். "இந்த முடி வெட்டுற ஆள் என்ன சொல்லுறார் எண்டால், உன்ரை தம்பியைக் காத்து அள்ளிக்கொண்டு போனதை நான் கண்டனான் எண்டுறார்." குடைக்காரனுக்கு ஒரு தம்பி இருந்தது அப்படித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. மற்றக் குடையைப் பிடித்தபடி புயலில் பறந்து போன தம்பி. உன் தங்கை வாணி அதைக் கேட்டுக் கண் கலங்கினாள். நான் கைப்பிடியோடு இருந்து, "முடிஞ்சுதோ, நான் பாயட்டோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்றை உனக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. அந்தத் தம்பி வந்த பிறகு எனக்கு விழப் பயமாக இருந்தது. அதற்கு முதல் விழுந்தால் எரிச்சல் மட்டும்தான் வரும். இதை அப்போதே சொல்லியிருந்தால் நீ வென்றிருப்பாய், அதுதான் சொல்லவில்லை.

இரண்டாம் பாகத்தின் பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு தாளில், வரப்போகும் மூன்றாம் பாகத்தின் படம் ஒன்று இருந்தது. முத்திரை அளவுதான். குடைக்காரன் எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறான். முன்னால் இரண்டு கதவு. அடுத்த லீவுக்கு வரும்போது வாங்கி வருகிறேன் என்றார் சித்தப்பா. தொண்ணூறில் சண்டை மூண்டு கரண்ட் போனது, இன்னும் வரவில்லை. சித்தப்பாவும் வரவில்லை. ரீவிக்கு மேலே மாமி சாமிப் படம் வைத்து விளக்கேற்றுகிறா.

பிளேன் சத்தம் கேட்டால் உங்கள் வீட்டுப் பின்வளவுப் பங்கர்க் குழிக்குள் நீ, நான், வாணி மூன்று பேரும் இறங்குவோம். அதற்குள் இருந்துதான் மூன்றாம் பாகத்தை நீ தொடங்கினாய். ரீவியும் இல்லை, கசெற்றும் இல்லை. அவன் எங்கே நிற்கிறான் என்று நீ சொல்வாய். பாய், நில், குடையை விரி என்று நான் சொல்ல வேண்டும். விழுந்தானா இல்லையா என்பது உன் வாயில். நான் விடுவேனா? "நீ நினைச்சபடி விழுத்துறதுக்குப் பேர் விளையாட்டில்லை" என்று சொல்லி, ஐந்து புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்துக் கொண்டுவந்தேன். மூன்று வெள்ளை விழுந்தால் பாய்ந்தான், குறைந்தால் விழுந்தான். குடைக்காரன் போகும் ஊருக்கு ஊர் புதிதாக மூன்று உயிர். நீ சிரித்துக்கொண்டு சம்மதித்தாய்.

குண்டு விழுந்து சுவர் மண் உதிரும்போதும் நீ நிறுத்தியதில்லை. வாணிக்கு நடுக்கம் எடுத்தால், "இப்ப பாயப்போறான், கொட்டையைப் போடு" என்று அவள் கையில் கொடுப்பாய். பிளேன் போய்க் கன நேரமாகியும் வெளியே வராமல் இருந்து மாமியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறோம். நான் விளையாடிய விளையாட்டுகளில் அதுதான் ஆகச் சிறந்தது. இப்போது சொல்லி என்ன?

வைகாசியில் ஒரு மத்தியானம் அந்த இரண்டு கதவும் வந்தன. அதற்கு முன்னால் ஒரே ஒரு கூரை. இரண்டு உயிர் ஏற்கெனவே போய்விட்டது. நான் கொட்டையைப் போட்டேன். ஒரு வெள்ளை.

"மூண்டும் போச்சு. முதலிலையிருந்து தொடங்கு" என்றேன்.

"விழேல்லையடா. குடை ஒரு மரக்கொப்பிலை கொழுவிக்கொண்டுது. தொங்கிக்கொண்டு நிக்கிறான்."

"கொட்டை விழுந்திட்டுது. செத்தவன் செத்தவன்தான்."

"இவ்வளவு தூரம் தம்பியைத் தேடி வந்தவனை ரெண்டு புளியங்கொட்டைக்காகச் சாகவிடச் சொல்லுறியோ?"

"அளாப்பி! இனிக் கதையாதை!"

விளையாட்டில் பொய் அடிக்கிறவனை நாங்கள் அளாப்பி என்போம். சின்ன வயதிலிருந்து எங்களுக்குள் அதைவிடப் பெரிய ஏச்சு இல்லை. ஆனால் உன்னைச் சுட்டது அந்தச் சொல் இல்லை, மற்றது. கதையாதை என்று நான் சொன்னது, கதை விடாதே, விதிப்படி விளையாடு என்ற கருத்தில். எங்கள் ஊரில் பேச்சுக்கும் கதை என்றுதானே சொல்கிறோம். இனி என்னோடு பேசாதே என்று அது உன் காதில் விழுந்தது. "சரி, கதைக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, பிளேன் இன்னும் சுற்றிக்கொண்டிருக்க, ஏறி வெளியே போனாய். வாணி அண்ணை, அண்ணை என்று கத்தினாள்.

நான் சொன்னது அதில்லையடா என்று விளக்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? நான் விளக்கவில்லை. அளாப்பினவன்தான் முதலில் வர வேண்டும் என்று விறைத்துக்கொண்டு இருந்தேன். நெல்லியடிச் சந்தியில் இரண்டு தரம் எதிர்ப்பட்டோம். இரண்டு தரமும் நீ சைக்கிளை மெதுவாக்கினாய். நான் பக்கத்துக் கடையில் தொங்கிய வாழைக்குலையைப் பார்த்துக்கொண்டு போனேன்.

புரட்டாதியில் வாணி சைக்கிளில் வந்தாள். நான் பிள்ளைகளின் கணக்குக் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன்.

"அண்ணைக்குக் காய்ச்சல், மச்சான். உங்களிட்டை ஒண்டு கேட்டுக்கொண்டு வரட்டாம்."

"என்னவாம்?"

"கதவு இடமோ, வலமோ எண்டு."

நாலு மாதத்துக்குப் பிறகும் நீ உன் அளாப்பலை விடவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. கொப்பியிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னேன். "செத்தவனுக்கு என்ன இடம், வலம் எண்டு நான் கேட்டனான் எண்டு சொல்லு."

ஓம் மச்சான், அப்படித்தான் சொன்னேன்.

சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் உன்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது எனக்குத் தெரியாது. மருந்து கிடைத்தால் தப்புவான் என்றார்களாம். கொழும்பில் மூலைக்கு மூலை கிடைக்கிற மருந்தாம். பொருளாதாரத் தடையால் இங்கே வரவில்லை. எனக்குச் செய்தி வந்து, நான் ஓடி வந்தபோது உன் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வழமையாகக் கரைக்கிற கீரிமலைக்குப் போக வழியில்லாததால் சாம்பலைப் பருத்தித்துறைக் கடலில் கரைத்தோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். வாணி அந்த வசனத்தை உன்னிடம் சொன்னாளா? அதைக் கேட்டுவிட்டா நீ போனாய்? நேற்று மாமியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டேன். வாணி பின்வளவில் நின்றாள். முதல் மழைத் தண்ணி பங்கருக்குள் நிறைந்து கிடந்தது. கேட்டேன்.

"நான் அதைப் போய்ச் சொல்லுவனே, மச்சான்?" என்றாள். "நீங்கள் யோசிச்சுச் சொல்லுறன் எண்டதாச் சொன்னனான்."

"பிறகு?"

"பிறகென்ன? அண்ணை பாத்துக்கொண்டு இருந்தவர். கட்டிலடிக்கு ஆர் வந்தாலும், சேகர் சொன்னவனோ, சேகர் சொன்னவனோ எண்டு கேட்டவர். கடைசியாக் கதைச்சதும் அதுதான்."

அந்த வசனத்தை நீ கேட்டிருக்கலாம், மச்சான். கேட்டிருந்தால் என்னை நாலு தூஷணம் ஏசிவிட்டுப் போயிருப்பாய். நான் யோசிக்கிறேன் என்று நம்பிக்கொண்டு, ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறாய். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? படிப்பிக்கப் போனால் போட்ட கணக்கையே திரும்பவும் போட்டுக்கொண்டு நிற்கிறேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

கனடாவுக்குப் போன எங்களோடு படித்த ஒருவன் எழுதியிருக்கிறான். அங்கே குடைக்காரன் நாலாம் பாகமும் வந்துவிட்டதாம். பாய்ச்சல் நல்லாயிருக்காம், கதைதான் ஒன்றும் விளங்கவில்லையாம். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வர எங்கள் படலை வரைக்கும் போய்விட்டேன். இதை யாரிடம் காட்டப் போகிறேன் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

கதையா விளையாட்டா என்று எத்தனை வருடம் அடிபட்டிருப்போம்? விளையாட்டு என்றால் திரும்பத் தொடங்குகிற பட்டன் எங்கே? செத்தவன் செத்தவன்தான் என்று விதி சொன்னவன் நான். அந்த விதியை வைத்துக்கொண்டு நான்தான் இப்போது முழித்துக்கொண்டு இருக்கிறேன். கொப்பில் கொழுவிய ஒரு குடை உனக்கும் கிடைத்திருக்கக் கூடாதா? கிடைத்திருந்தால் அளாப்பல் என்று நான் வாய் திறந்திருப்பேனா?

விருத்தத்தை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும். மாமி, நீங்களும் மன்னிக்க வேண்டும்; உங்கள் பிள்ளையைக் காக்க வைத்தவன் நான்.

குகன், புளியங்கொட்டை ஐந்தையும் இன்று காலை உங்கள் கிணற்றில் எறிந்துவிட்டேன். பங்கரில் தண்ணி வற்றியதும் வாணியோடு இறங்குவேன். இது சத்தியம். குடை கொப்பில் கொழுவிய இடத்திலிருந்து தொடங்குவேன். யார் கேட்டாலும் அவன் விழவில்லை என்று அளாப்புவேன். ஆனால் கதவு வரைக்கும்தான் என்னால் அவனைக் கொண்டுபோக முடியும். உள்ளே தம்பி இருக்கிறானா, இல்லையா என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில்: வலம்.

வலப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறான். இனிக் கதை, மச்சான்.

சொல்லப் பிந்திப் போன
உன் மச்சான்,
சேகர்
உடுப்பிட்டி