ஐந்து தலைப் பாம்பும் உன் அண்ணனும்

பெட்டியைத் திறந்ததும் வசம்பு வாசனை மூக்கில் ஏறியது. பூச்சி அண்டாமல் இருக்க நீ ஆரம்பித்து வைத்த பழக்கம். இப்போது நான் வாங்கிப் போடுகிறேன். இன்று திறந்தது பூச்சிக்காக இல்லை, உன் அண்ணனுக்காக. மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறதாம். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன அத்தை ஆசையாக வைத்திருந்த பொருளை எரித்தால் சரியாகிவிடும் என்று யாரோ ஒரு ஜோசியர் சொல்லிவிட்டாராம். "அந்தப் பேய்ப் படத்தயெல்லாம் எடுத்து வைங்கம்மா, கொளுத்திடலாம்" என்று போனில் சொன்னார். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் உன்னைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை.

சினிமா போஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டில்மேல் போட்டேன். வாள் பிடித்த எலும்புக்கூடுகள், ஒற்றைக்கண் ராட்சசன், படகைக் கவ்வும் நண்டு. மடிப்பு கிழியும் என்று நீ பின்பக்கம் ஒட்டிய மல்துணி இன்னும் விடவில்லை.

வேங்கிக்காலில் புது ஆபீஸ் வந்து நாம் இரண்டு பேரும் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தோம். செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்போதெல்லாம் ஞாயிறு காலைக் காட்சிக்குப் பழைய இங்கிலீஷ் மாயாஜாலப் படங்களைத் தமிழ் பேசவைத்து ஓட்டுவார்கள். பெண்கள் கவுண்டரில் பெரும்பாலும் நாம் மட்டும்தான் நிற்போம். படம் விட்டதும் நீ நேராக மேனேஜர் ரூமுக்குப் போய், சுவரில் ஒட்டாத போஸ்டர் ஒன்று வேண்டும் என்று கேட்பாய். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

"பையனுக்காம்மா?" என்றார் அவர்.

"எனக்குத்தாங்க" என்றாய்.

அவ்வளவுதான், அப்புறம் அவர் கேட்கவே இல்லை. புதுப் படப்பெட்டி வந்தால் உனக்கென்று ஒன்றை மடித்து எடுத்து வைத்துவிடுவார்.

ராட்சசக் குரங்குப் படம் ஒன்று பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இருட்டில் என் கையைக் கிள்ளினாய். "அதோட முடியப் பாருடி, சும்மா சும்மா சிலுத்துக்குது. காத்து இல்ல. பொம்மைய துளி நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் துளி நகர்த்தி ஒரு போட்டோன்னு எடுத்திருக்கான். ஒவ்வொரு வாட்டியும் அவன் வெரல் பட்ட எடம்டி அது." அதற்கப்புறம் எனக்குக் குரங்கே தெரியவில்லை, விரல்தான் தெரிந்தது. பின்னால் கம்ப்யூட்டரில் செய்த டைனோசர் வந்து ஊரே வாயைப் பிளந்தபோது, "நல்லாத்தான் கீது, ஆனா யாரு கையும் தெரியல" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு முறுக்கு தின்றாய். ஆபீஸில் உனக்குப் பேய் டைப்பிஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். அது உனக்குப் பிடித்தும் தொலைத்தது.

வீட்டுக்கார அம்மா ஒரு வெள்ளிக்கிழமை சண்டைக்கு வந்தாள். விளக்கேற்றுகிற வீட்டில் எலும்புக்கூடா என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தவள், கதவுக்குப் பின்னால் இருந்த ஐந்து தலைப் பாம்பைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஓடிப்போய் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து ஐந்து நெற்றியிலும் வைத்தாள். நாகாத்தம்மன் என்று நினைத்துவிட்டாள், புண்ணியவதி. பிறகுதான் கீழே வாளை ஓங்கி நின்ற வெள்ளைக்காரனைக் கவனித்தாள்.

"யாருடி இவன்? அம்மன வெட்ட வர்றான்?"

"அவன் தோத்துடுவாம்மா" என்றாய், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல்.

அதற்கப்புறம் அவள் படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் அன்றைக்கு வாயில் தலையணையை அழுத்திக்கொண்டு சிரித்தோம்.

ஒரு தடவை உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். உங்கள் ஊருக்குப் பஸ் வசதி இல்லை என்று அண்ணன் நம் வாடகை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார். முந்தின நாளே வந்து, எல்லாவற்றையும் கழற்று என்றார். நீ மாட்டேன் என்றாய். மாப்பிள்ளை நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எலும்புக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் வெச்சுக்க மாட்டீங்க இல்ல?"

"வெச்சுக்குவேங்க."

"வெளையாட்டுக்குச் சொல்லுது" என்று அண்ணன் சிரித்தார்.

"வெளையாட்டு இல்ல" என்றாய்.

அவர்கள் போனதும் நான்தான் அழுதேன். ஒரு காகிதத்துக்காகவா என்று கேட்டேன். "இன்னிக்கு அவரு காகிதத்தக் கழட்டச் சொல்வாரு. நாளைக்கு உன்கிட்ட பேசாதன்னுவாரு. அப்ப எதச் சொல்லி நிறுத்தறது?" என்று கேட்டுவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனாய். அத்தோடு அண்ணன் உன்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். எனக்குக் கல்யாணம் ஆகி அடுத்த தெருவுக்குப் போனேன். நீ அந்த வீட்டிலேயே, உன் ராட்சசர்களோடு, உடம்புக்கு முடியாமல் போய் இந்தப் பெட்டி என் வீட்டுக்கு வருகிறவரை நன்றாகத்தான் இருந்தாய்.

சற்று முன் உன் அண்ணன் வந்தார். கட்டில்மேல் கிடந்ததைப் பார்த்ததும், நான் கொடுப்பதற்காகத்தான் எடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக் கட்டைப்பையைப் பிரித்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"என்னா இருந்தாலும் எங்க வூட்டுப் பொருள் இல்லீங்களா? நான் கூடப் பொறந்தவன்."

காலையிலிருந்து நான் பயந்தது இதற்குத்தான். அவர் ரத்த சொந்தம், நான் கூட வேலை பார்த்தவள். நான் குனிந்து ஒரு படத்தின் மடிப்பை நீவுவதைப் பார்த்து அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

"இந்தக் காகிதத்தாலதாம்மா வாழ்க்கைய கெடுத்துக்கிச்சு. ஒண்டியா கெடந்து செத்துச்சு, பாவம்."

அந்தப் பாவம் என்ற சொல்தான் பொறுக்கவில்லை. எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை.

"ஒண்டியாவா? வேலூர் ஆஸ்பத்திரியில அவளுக்குத் தல சீவி விட்டது யாரு? கஞ்சி ஊட்டுனது யாரு? நீங்க எட்டிப் பாத்தீங்களா? கடைசி வரைக்கும் டாக்டரயே கிண்டல் பண்ணிக்கினு இருந்தா. அவளப் போயி பாவம்ங்கறீங்க. தரமாட்டேன். கேஸ் போடணும்னா போட்டுக்குங்க."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு நல்ல இடம் அமையட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் உன்னை எரித்து அது நடக்க வேண்டாம்.

நீ குரலை உயர்த்தாமலே மாட்டேன் என்று சொல்லிவிடுவாய். எனக்குக் கத்தினால்தான் வருகிறது. ஆனாலும் வருகிறதடி, இப்போது வருகிறது. நாளைக்கு அத்தனையையும் எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டப் போகிறேன். என் வீட்டுக்காரர் முனகுவார். முனகட்டும்.