இருபதாவது ஆள் மேலே வரவில்லை

சந்தாபுரா,
திங்கட்கிழமை

அன்புள்ள யாமினிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் டப்ளின் மழையில் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் எனக்கு வரிசை குழம்பிவிடுகிறது என்பதால் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். இதில் உள்ளவை:

1. வீட்டுச் செய்தி
2. நாங்கள் தொடங்கும் சேவைச் சங்கக் கிளை
3. கோவிந்தன் மாமா காணாமல் போனது
4. நான் தலைவர் பதவிக்குப் பொருத்தமில்லாதவன் என்பது
5. உன்னிடம் கேட்க எனக்கு எதுவும் இல்லை என்பது

அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பால்கனியில் புறா மறுபடியும் முட்டையிட்டிருப்பதால் துணியெல்லாம் படுக்கையறையில் ஃபேனைப் போட்டுத்தான் காய்கிறது. நீ வெறும் வயிற்றில் காப்பி குடிப்பதை விட்டாயா?

சங்கத்துக்கு வருகிறேன். சுரங்கம் மூடியபின் தங்கவயலிலிருந்து வந்த நம் குடும்பங்கள் ஆனேக்கல், அடுகோடி என்று ஆளுக்கொரு மூலையில் இருப்பதால் கூட்டங்களைக் கணினியிலேயே நடத்துவதாக முடிவு. முதல் சேவை, தங்கவயலில் தனியாக இருக்கும் முப்பத்திரண்டு முதியவர்களைத் தினமும் காலை எட்டு மணிக்கு அழைத்து, எழுந்துவிட்டார்களா என்று கேட்பது. தொடக்கக் கூட்டத்தில் இருபது பேர் கலந்துகொண்டால்தான் கிளைக்கு அனுமதி. தலைவராக என்னைப் போட்டுவிட்டார்கள். வேண்டாம் என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதி வைத்திருந்தேன், மைக்கைத் திறக்காமலே வாசித்துவிட்டேன், எல்லோரும் கை தட்டினார்கள்.

நேற்று காலை பத்து மணிக்கு அந்தத் தொடக்கக் கூட்டம். சங்கத்தின் மாவட்ட அலுவலகத்திலிருந்து சுஹாஸ் என்பவர் பார்வையிட வந்திருந்தார். என்னோடு சேர்த்துப் பத்தொன்பது பேர் முகம் காட்டினார்கள். இருபதாவது கட்டத்தில் பெயர் இல்லாமல் ஒரு ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வருவதாக இருந்தவர்களில் முகம் தெரியாதவர் கோவிந்தன் ஒருவர்தான் என்பதால், அவர் ஃபேனுக்கு அடியில் தூங்குகிறார் என்று குறித்துக்கொண்டேன். சுஹாஸும் ஃபேனைச் சேர்த்து இருபது என்று ஒப்புக்கொண்டார்.

கூட்டத்தை முடிக்கும்போதுதான் வினை. சுரங்கத்தில் நான் டைம் ஆபீஸில் இருந்த நாட்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். கீழே இறங்குகிறவன் டோக்கன் எடுத்துப் போவான், மேலே வந்ததும் ஆணியில் மாட்டுவான், ஒரு ஆணி காலியாக இருந்தாலும் ஷிப்ட் முடியாது. அந்தப் பழக்கத்தில், எல்லோரும் பெயர் சொல்லி மேலே வந்துவிட்டதாகச் சொன்ன பிறகே வெளியேறலாம் என்று விதி வைத்திருந்தேன். பதினெட்டுப் பேர் சொன்னார்கள், நானும் சொன்னேன், ஃபேன் சொல்லவில்லை. யாரும் நகரவில்லை. பன்னிரண்டரைக்கு சுஹாஸ் பசியோடு தயங்கித் தயங்கி, தன் கன்னடத் தமிழில், ஊட்டா டைம் ஆச்சு சார், நான் லீவ் ஆகட்டுமா என்றார். என்னோடு சுரங்கத்தில் வேலை பார்த்த பால்ராஜ் விடவில்லை. அது எப்டி தம்பி, ஒரு ஆள் கீழ கிடக்கான், நீ மட்டும் மேல ஏறிப் போயிடுவியா என்று கேட்டுவிட்டான். இன்னொரு கட்டத்தில் லூர்துமேரி அக்கா ஜெபமாலையை எடுத்துவிட்டார்.

கூட்டத்திலிருந்த அடுகோடி ஜாய்சன், இணைப்பைத் துண்டிக்காமல் போனோடு ஸ்கூட்டரில் கோவிந்தன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வெளியே பூட்டு, கோவிந்தன் போனும் அணைந்திருக்கிறது. படத்துல ஃபேன் சுத்துது, இங்க பூட்டு தொங்குது, யாரோ உள்ள வெச்சிப் பூட்டிட்டுப் போயிட்டாங்க, உடைச்சிடட்டா அண்ணே என்று கேட்டான். எதுவானாலும் முறைப்படி போகட்டும் என்று அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தேன். பால்ராஜ் முன்மொழிந்தான், லூர்துமேரி அக்கா வழிமொழிந்தார். நம் கிளையின் முதல் தீர்மானம், பூட்டை உடைப்பது.

அப்போது ஃபேனுக்குக் கீழே உன் அம்மாவின் முகம் தலைகீழாகத் தோன்றியது. பால்ராஜ் மெதுவாக, அண்ணே, அண்ணி எதுக்குக் கோவிந்தன் வீட்டுல இருக்காங்க என்றான். நான் பதில் யோசிப்பதற்குள் பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. இந்தப் போனை யாரு துணிக்கு நடுவுல போட்டு வெச்சது என்று.

லேப்டாப் கைவிட்டால் என்ன செய்வது என்று காலையில் நானேதான் நீ கொடுத்த பழைய போனிலும் கூட்டத்தில் சேர்ந்து, ஒலியை அடைத்துக் கட்டிலில் வைத்திருந்தேன், யாமினி. மறந்துவிட்டேன். கோவிந்தன் ஓசூரில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தாராம். மாலையில் அழைத்து, நான் எங்கப்பா ஒத்துக்கிட்டேன், பார்க்கலாம்னுதானே சொன்னேன் என்கிறார். பூட்டு தப்பியது.

உடனே தலைவர் பதவியை விடுவதாகச் சொன்னேன், இந்த முறை மைக்கைத் திறந்துகொண்டு. ஒரு ஃபேனுக்காக மூணு மணி நேரம் காத்திருந்த ஆளு நீ, வேற யாரைப் போடறது என்று பால்ராஜ் அடக்கிவிட்டான். நான்காவது விஷயம் இதனால் சற்று ஆட்டம் கண்டிருக்கிறது, ஆனாலும் அதைப் பட்டியலிலிருந்து அடிக்கவில்லை.

சுஹாஸ் கணக்கைப் பத்தொன்பது என்று திருத்திவிட்டார். வருகிற ஞாயிறுக்குள் இருபதாவது ஆள் வராவிட்டால் அனுமதி இனி அடுத்த வருடம்தான். முப்பத்திரண்டு பேரின் பட்டியல் மேசைமேல் இருக்கிறது. போன் எண்களை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

நீ நோய்நொடி இல்லாமல், நல்ல தூக்கத்தோடும் நல்ல மனிதர்களோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசி. குடையை அலுவலகத்தில் மறந்து வைக்காதே. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மாலை நான்கு மணிக்கு மாற்றியிருக்கிறேன். அப்போது டப்ளினில் காலை பதினொன்றரை. ஏன் மாற்றினேன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

மேலே ஐந்தாவதாக, உன்னிடம் கேட்க எதுவும் இல்லை என்று எழுதியது தவறு.

உன் அப்பா,
வெங்கடசாமி