எனக்கு மட்டும் கேட்ட சத்தம்

மலைக் குடில், ரெவல்ஸ்டோக்
பிப்ரவரி 4

அன்புள்ள லோவெல்,

நலமாக வந்து சேர்ந்தேன். இங்கே போன் எடுக்காது. சாமான் கொண்டுவரும் ஹெலிகாப்டரில்தான் கடிதமும் போகும். உடம்பில் வலிக்காத இடம் எதுவென்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை வருஷம் பனிச்சறுக்குப் பலகையை முதுகில் சுமந்து உன் பின்னால் நடந்து ஏறியவளுக்கு, அதை இரண்டாகப் பிரித்து, அடியில் பட்டை ஒட்டி, காலுக்கு ஒன்றாக மாட்டி, வழுக்காமல் ஏறக் கற்றுத்தருகிறார்கள். உச்சியில் மறுபடி ஒன்றாகப் பூட்டி இறங்க வேண்டும். ஏறும்போது திரும்புகிற இடத்தில் கால் இரண்டும் பின்னிக்கொள்ள, தலைகுப்புற விழுகிறேன். ஆசிரியை நோரீன் சிரிக்காமல் கைகொடுக்கிறாள். அதுதான் கூடுதல் வெட்கம்.

இன்று பனிச்சரிவில் புதைந்த ஆளைத் தேடும் பயிற்சிக்காக ஒரு பையைப் பனியில் புதைத்து, கருவியால் தேடச் சொன்னார்கள். கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் தோண்டத்தான் நேரமாகிவிட்டது. "பைங்கிறதால பரவாயில்ல," என்றாள் நோரீன்.

நாய்க்குக் காது மருந்து போட மறக்காதே.

உன்
ஆட்ரா

வீடு, நெல்சன்
பிப்ரவரி 11

அன்பு ஆட்ரா,

நாய் சுகம். நான்தான் பேச்சுத்துணை இல்லாமல் அடுப்போடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்த மலைகளில் பிறந்து வளர்ந்தவன் நான். நான் சொல்லித்தராத எதை அவர்கள் சொல்லித்தரப் போகிறார்கள்? கஸ் கூடக் கேட்டான்: "ஏம்ப்பா, உன் பொண்டாட்டிக்கு உன் பாடம் புடிக்கலயா?" என் கூட்டாளிதானே, சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி போகவில்லை.

மார்ச் கடைசியில் ஆட்டுக்கொம்பு முகட்டுக்குப் போகிறோம். நீயும் வருகிறாய் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

உன்
லோவெல்

மலைக் குடில்
பிப்ரவரி 19

அன்புள்ள லோவெல்,

நேற்று நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

உச்சிக்குக் கீழே அகலமான வெள்ளை இறக்கம். நோரீன் பனியில் குழி வெட்டி, அடுக்கடுக்காகத் தட்டிப் பார்த்து, போகலாம் என்றாள். வரிசையில் நான் கடைசி. என் காலடியில் 'தொப்'பென்று ஒரு சத்தம், உள்ளுக்குள் பனி உட்கார்ந்த மாதிரி. பனி சரியப்போவதற்கு அது அறிகுறி. வேறு யாருக்கும் கேட்கவில்லை. நான் வேண்டாம் என்றேன். ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்பிவிடுவது இங்கே வழக்கம். திரும்பினோம்.

குடிலுக்கு வந்து பார்த்தால், வேறொரு கூட்டம் அதே இறக்கத்தில் கூவிக்கொண்டு இறங்குகிறது. ஒன்றும் ஆகவில்லை. என்னோடு படிக்கும் தேரி பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "உன் வயிறு கத்தியிருக்கும்டி, அத மலைன்னு நெனச்சுட்ட," என்றாள். இருக்கலாம்.

நான் செய்தது சரியா என்று நோரீனிடம் கேட்டேன். "தெரியாது. இனிமேலும் தெரியப்போறதில்ல," என்றாள்.

லோவெல், இதே சத்தம் உன் பின்னால் வரும்போதும் எனக்குக் கேட்டிருக்கிறது. ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. ஏன் என்று யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

ஆட்ரா

நெல்சன்
மார்ச் 2

ஆட்ரா,

நான் எப்போது உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்? பயமாக இருந்தால் சொல்லியிருக்கலாமே. நீ சந்தோஷமாக வருகிறாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தாயா? அதையாவது சொல்.

ஆட்டுக்கொம்புக்கு வருகிறாயா, இல்லையா? கஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

லோவெல்

மலைக் குடில்
மார்ச் 14

அன்புள்ள லோவெல்,

சந்தோஷமாகத்தான் இருந்தேன். பயமாகவும் இருந்தது. எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று இப்போது பிரித்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. உன் மேல் கோபமா என்றும் என்னையே கேட்டுப் பார்த்தேன். சில நாள் ஆமாம், சில நாள் இல்லை.

ஆட்டுக்கொம்புக்கு நான் வரவில்லை. உன்னைப் போகாதே என்று சொல்லவில்லை. நீ பத்திரமாக இறங்கி வந்தாலும் நான் வராதது தப்பாகிவிடாது. இதை எழுதும்போதே, இது நியாயந்தானா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது.

பாடம் முடிந்துவிட்டது. குடிலில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். மே மாதம் வரை இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை.

ஆட்ரா

நெல்சன்
மார்ச் 30

அன்பு ஆட்ரா,

நேற்று போய்வந்தோம். முழங்கால் ஆழத்துக்குப் புதுப்பனி, நல்ல வெயில், காற்றே இல்லை. இப்படியோர் இறக்கம் எனக்கு வாய்த்ததே இல்லை. ஒன்றும் ஆகவில்லை.

உச்சியில் நின்று, "உனக்குச் சம்மதந்தானா?" என்று கஸ்ஸிடம் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீ போனா நான் பின்னாலயே வந்துருவேன். என்னிக்குக் கேட்டிருக்க?" என்றான். அதற்குப் பிறகு என்னால் ஒழுங்காக இறங்க முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நின்று, அவன் வருகிறானா என்று பார்த்தேன். காரில் வரும்போது, உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

உன்னிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நேரில் வந்தால் தெரியுமோ என்னவோ. ஏப்ரல் நடுவில் குடிலுக்கு வரும் ஹெலிகாப்டரில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். வரட்டுமா? உன் பதில் வந்த பிறகுதான் அவர்களிடம் சொல்வேன்.

உன்
லோவெல்