கோல் கம்பத்தடியில் அப்பா

அன்புத் தங்கைக்கு,

தன் சாம்பலை அப்பாவோடு சேர்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் அம்மா ஓயாமல் கேட்கிறாள். அதனால் ஹாலோபரி கால்பந்து மன்றத்துக்குப் போனேன். அங்கே சுவரில், லண்டனின் பெரிய அணியை வென்ற நாளின் படத்தில், கோல்கீப்பர் அப்பா இன்னும் சிரிக்கிறார். அவர் பெனால்டியைத் தடுத்த கம்பத்தடியில்தானே அவர் சாம்பலைத் தூவினோம்?

இப்போது மைதானம் முழுக்க பிளாஸ்டிக் புல்.

"பழைய மண்ணு எங்க?" என்று மைதானத்தைப் பராமரிக்கும் டெரன்ஸிடம் கேட்டேன்.

"லாரில அள்ளிட்டுப் போயிட்டாங்கப்பா. எங்க கொட்டினாங்களோ!"

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அம்மா கேட்டாள்: "அங்க புல்லு நல்லா இருக்காடா?"

"பச்சப் பசேல்னு இருக்கும்மா."

நிம்மதியாகத் தூங்கிவிட்டாள். இந்த வாரம் தாண்டாது என்கிறார் டாக்டர்.

சீக்கிரம் வா. அவளை எங்கே கொண்டுபோவதென்று எனக்குத் தெரியவில்லை.

உன் அண்ணன்